நடுவுல "போதும்"னு சொன்னா அந்த நிமிஷம் என்ன செய்யணும்? (வடசென்னை, கல்யாணம் ஆகப்போறவங்களுக்கு)

கடலோரக் காத்து (இழை தொடங்கியவர்)

ராயபுரம், காசிமேடு பக்கம் கல்யாணம் ஆகப்போற ஜோடிகளுக்கு ஒரு நாள் வகுப்பு நடத்துறோம். அதுல குடுக்க ஒரு பக்கக் குறிப்பு தயாராகுது. கருத்தடை, ரத்தசோகை எல்லாம் எழுதியாச்சு. ஒண்ணு மட்டும் பாக்கி. ரெண்டு பேரும் சம்மதிச்சு உடலுறவு ஆரம்பிச்ச பிறகு, நடுவுல ஒருத்தர் வேணாம்னு சொன்னா மத்தவர் என்ன செய்யணும்?

"ஒருவர் மனதை ஒருவர் புரிந்து நடக்க வேண்டும்"னு எழுதி வெச்சா யாருக்கும் பிரயோஜனம் இல்ல. கை எங்க இருக்கணும், வாய் என்ன சொல்லணும், எப்படி விலகணும், அந்த அளவுக்கு வேணும். தெரிஞ்சவங்க எழுதுங்க. சொந்தக் கதை, யார் பேரும் வேண்டாம்.

பேறுகாலச் செவிலி

குறிப்பு எழுதுறதுக்கு முன்னாடி வீடு எப்படி இருக்குன்னு மனசுல வெச்சுக்குங்க. வாரியக் குடியிருப்புல ஒரு அறை, ஒரு சமையல் இடம். நடுவுல புடவைத் திரை. அந்தப் பக்கம் மாமியார், இந்தப் பக்கம் குழந்தை. இப்படி ஒரு வீட்டுல பொண்ணு "வேணாங்க"ன்னு வாய்விட்டுச் சொல்லவே மாட்டா. ஃபேன் சத்தத்துல முணுமுணுத்தாலும் கேட்காது. அதனால வாய்ச்சொல்லை மட்டும் நம்பி எழுதாதீங்க, தொடுற சைகை ஒண்ணு கட்டாயம் வேணும்.

முதுகைத் தட்டுறதுன்னு பலபேர் வெச்சுக்கறாங்க. அது சரிவராது. பாசத்துலயும் முதுகைத் தட்டுவோம், எது எதுன்னு குழப்பம் வரும். அந்த நேரத்துல வேற எதுக்கும் செய்யாத ஒண்ணா இருக்கணும். அவர் காதுமடலைப் பிடிச்சு இழுக்கிறது நல்லா வேலை செய்யும். இருட்டுல கண் தெரியாட்டியும் காது இருக்கிற இடம் கைக்குத் தெரியும், தப்பா புரிஞ்சுக்க வழியில்ல. கை எட்டாத நிலையில இருந்தா ரெண்டாவது சைகை: குதிகாலால பாயை மூணு தடவை இடிக்கிறது. ரெண்டையும் பகல்ல, துணியோட, ரெண்டு மூணு தடவை செஞ்சு பார்த்துடணும். பேசி வெச்சது மட்டும் அந்த நேரத்துல ஞாபகத்துக்கு வராது, கை பழகியிருக்கணும்.

இன்னொண்ணு, இதைக் கொட்டை எழுத்துல போடுங்க. சத்தம் வெளிய கேட்கக்கூடாதுன்னு அவ வாயைக் கையால பொத்துற பழக்கம் இந்த மாதிரி வீடுகள்ல இருக்கு. வாயைப் பொத்திட்டா அவ "போதும்"னு சொல்ற வழியையே அடைச்சாச்சு. மணிக்கட்டைப் பிடிச்சு அமுக்குறதும் அதே. வாயும் ரெண்டு கையும் எப்பவும் விட்டிருக்கணும். மேல இருக்கிறவர் உடம்புப் பாரத்தைத் தன் முழங்கை, முழங்கால்ல தாங்கணும், கீழ இருக்கிறவர் நெஞ்சு மேல இறக்கக்கூடாது.

உப்புக்காற்று

நல்லா சொன்னீங்க அக்கா. முகம் தெரியாத நிலையில, குப்புற படுத்திருக்கும்போது, காதுமடல் எட்டாது. அப்ப குதிகால் சைகைதான். அதுவும் பேசி வெக்கலன்னா அந்த நிலையே அன்னிக்கு வேணாம்.

தண்டையார்பேட்டை ஆலோசகர்

சைகைக்கு அடுத்து, சைகை வராம போறது எப்போன்னு பார்ப்போம். அதுதான் அதிகம் நடக்குது.

பயத்துலயோ வலியிலயோ உடம்பு உறைஞ்சு போறது உண்டு. அந்த நேரத்துல கை எழும்பாது, குரல் வராது. எதிர்க்கலையே, அப்ப சம்மதம்தானேன்னு கணவர் நினைச்சுக்கறார். இருட்டுல கையால தெரியற அடையாளங்களை எழுதுங்க. உங்க மேல இருந்த கை கீழ விழுந்து அசையாம கிடக்கு. மூச்சை அடக்கி வெச்சிருக்காங்க. அடிவயிறு கல்லு மாதிரி இறுகியிருக்கு. தொடை உள்பக்கமா நெருக்குது. முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கு. உள்ளங்கையை உங்க இடுப்பு எலும்புல வெச்சு லேசா வெளிய தள்றாங்கன்னா பெரும்பாலும் ஆழமா வலிக்குதுன்னு அர்த்தம். இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் அசைவை நிறுத்திட்டுக் கேக்கணும்.

எப்படிக் கேக்கறதுங்கறதுல பெரிய விஷயம் இருக்கு. "பண்ணலாமா?"ன்னு கேட்டா பயந்துபோனவங்ககிட்ட இருந்து "ம்" வரும். அந்த "ம்"மை வெச்சுத் தொடர்ந்துடுவாங்க. அதனால கேள்வியைத் திருப்பிப் போடணும்: "நிறுத்திடவா?" இதுக்கும் அதே "ம்" வந்தா நிறுத்தியாச்சு. பதிலே வரலைன்னாலும் நிறுத்தியாச்சு. தொடரணும்னா "இல்ல, வாங்க"ன்னு அவங்களே வாயைத் திறந்தோ கையால இழுத்தோ சொல்லணும். களைச்சுப்போன, பயந்துபோன ஒருத்தருக்கு எது சுலபமா வருமோ அது நிறுத்துற பக்கம் போய்ச் சேரணும். கேள்வியை அப்படி அமைக்கணும்.

அடுத்தது "சீக்கிரம் முடிச்சுடுங்க". தமிழ்நாடு பூரா படுக்கையில அதிகமா சொல்லப்படற, யாரும் காதுல வாங்காத வாக்கியம் இது. எனக்கு இதுல வேணும்ங்கற எண்ணம் போயிடுச்சு, ஆனா நிறுத்தச் சொன்னா நீங்க கோவிப்பீங்கன்னு பயமா இருக்குங்கறதுதான் அதுக்குள்ள இருக்கு. அதை அனுமதின்னு எடுத்துக்கிட்டு வேகத்தைக் கூட்டறது தப்பு. வேகம் கூடினா வலியும் கூடும். அந்த வாக்கியம் காதுல விழுந்ததும் "நிறுத்திடவா?" கேளுங்க.

பிசியோ பெரம்பூர்

ஆலோசகர் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்குங்க. ஈரம் இருக்கு, அதனால விருப்பம் இருக்குன்னு கணக்குப் போடறது தப்பு. தொடுதலுக்கு உடம்பு தானா காட்டற எதிர்வினை அது, மனசோட சம்மதம் இல்ல. ஆணுக்கு விறைப்பு வர்றதும் அப்படித்தான், விருப்பமே இல்லாம வரும்.

கொருக்குப்பேட்டை 21

எல்லாம் சரி. ஆனா ஒரு கட்டத்துக்கு மேல ஆம்பளையால நிறுத்தவே முடியாது, அது இயற்கை. பாதியில நிறுத்தினா விதைப்பையில வலி வரும், உடம்புக்குக் கேடுன்னு பெரியவங்க சொல்வாங்க. குறிப்புல அதையும் போடணும்ல? சண்டைக்குக் கேக்கல, வகுப்புல இந்தக் கேள்வி நிச்சயம் வரும்.

பிசியோ பெரம்பூர்

வரும் ப்ரோ, வரட்டும். பதில் தயாரா வெச்சுக்கலாம்.

விந்து வெளியேற ஆரம்பிச்ச அந்தச் சில விநாடி மட்டும்தான் தானியங்கி. அதை மனசால தடுக்க முடியாது. ஆனா அந்த விநாடியிலயும் இடுப்பும் கையும் அவர் கட்டுப்பாட்டுலதான் இருக்கு, விலக முடியும். அதுக்கு முன்னாடி எந்தக் கட்டத்துலயும் நிறுத்த முடியும். பக்கத்துல குழந்தை எழுந்து உக்காந்தா அடுத்த மூச்சுல விலகறாங்க இல்லையா?

வலிங்கறது நிஜம். ரத்தம் தேங்கி நிக்கறதால விதைப்பை, அடிவயிறு கனமா, மந்தமா வலிக்கலாம். ஆபத்து எதுவும் இல்ல, தேங்கின ரத்தம் தானா வடிஞ்சா சரியாகும். கொஞ்சம் நடந்தாலோ குளிச்சாலோ சீக்கிரம் குறையும். விந்து தலைக்கு ஏறும், ஆண்மை போயிடும்ங்கறதுக்கெல்லாம் எந்த ஆதாரமும் இல்ல. ஒண்ணு கவனிக்கணும். திடீர்னு ஒரு பக்க விதைப்பையில மட்டும் கடுமையான வலி, வாந்தியோட வந்தா அது விதை முறுக்கிக்கிட்டதா இருக்கலாம், அதுக்கும் பாதியில நிறுத்தினதுக்கும் சம்பந்தம் இல்ல. நேரம் கடத்தாம அவசர சிகிச்சைக்குப் போகணும், ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு.

பேறுகாலச் செவிலி

விலகுற முறையையும் எழுதிடறேன். "உடனே எடு"ன்னு மட்டும் சொன்னா வெடுக்குனு இழுப்பாங்க. பயத்துல அவ இடுப்புத்தளத் தசை இறுகியிருக்கும்போது அப்படி இழுத்தா இன்னும் எரியும், சில சமயம் கிழியும்.

முதல்ல அசைவு நிக்கணும், அந்த நொடியே. அடுத்து, ஆணுறை போட்டிருந்தா அடி வளையத்தை ரெண்டு விரலால பிடிச்சுக்கிட்டு, ஒரு மூச்சு விடற நேரத்துல மெதுவா நேரா வெளிய வரணும். வளையத்தைப் பிடிக்கறது எதுக்குன்னா, நிறுத்தினதும் விறைப்பு குறையும், உறை உள்ளயே தங்கிடும். பாரத்தைப் பக்கவாட்டுல சரிச்சு அவ மேல இருந்து முழுசா இறங்கணும். போர்வையோ புடவையோ எடுத்து அவ கையில குடுக்கணும். "சரி, நிறுத்திட்டேன்", இவ்வளவு போதும். அதுக்கப்புறம் அவ கேக்காம தொடக்கூடாது, தலையைத் தடவிக் குடுக்கறது உள்பட.

கடலோரக் காத்து

செவிலி அக்கா, "கொஞ்சம் இரு"ன்னு சொன்னா? அதுவும் முழுசா விலகறதா?

பேறுகாலச் செவிலி

அசைவு நிக்கணும், பாரம் இறங்கணும். விலகணுமான்னு அவளே சொல்வா. கால் மரத்துப்போயிருக்கும், இல்ல குழந்தை சிணுங்கியிருக்கும். சொல்லலைன்னா "நிறுத்திடவா?"

தண்டையார்பேட்டை ஆலோசகர்

நிறுத்தின பிறகு வர்ற பத்து நிமிஷத்தை யாரும் எழுதறதில்ல. என் அனுபவ அறிவுல அந்தப் பத்து நிமிஷம்தான் மீதியைத் தீர்மானிக்குது. கணவர் நிறுத்திடறார், ஆனா பெருமூச்சு விடறார், தலையணையைத் தூக்கிப் போடறார், ஒரு வார்த்தை பேசாம மொட்டை மாடிக்குப் போயிடறார். மறுநாள் காலையில டீயை வாங்கிக்கறதில்ல, சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வெக்கறார். "நேத்து நல்லா தூங்கினியா"ன்னு குத்தலா கேக்கறார். அந்தப் பொண்ணு அடுத்த தடவை காதுமடலைப் பிடிப்பாங்களா? பிடிக்க மாட்டாங்க, கண்ணை மூடிக்கிட்டுப் பொறுத்துக்குவாங்க. வெளிய இருந்து பார்த்தா அந்த வீட்டுல மறுப்பே இல்லாத மாதிரி தெரியும்.

ஏமாற்றம் இருக்கறது தப்பில்ல. அதை எங்க வெக்கறதுங்கறதுதான் விஷயம். வெளிய போகணும்னா "கோவம் இல்ல, காத்து வாங்கிட்டு வரேன்"னு சொல்லிட்டுப் போகணும். அந்த ராத்திரியிலயே "ஏன்? என்னாச்சு? நான் என்ன பண்ணேன்?"னு விசாரணை வேணாம். வலிக்குதா, தண்ணி வேணுமா, இது ரெண்டு கேக்கலாம். அரை மணி நேரம் கழிச்சு மறுபடி கையை வெச்சு ஆரம்பிச்சுப் பார்க்கவே கூடாது. அன்னிக்கு மறுபடி வேணும்னா நிறுத்தச் சொன்னவர்தான் ஆரம்பிக்கணும்.

காரணம் பேசறதை மறுநாள் பகல்ல வெச்சுக்குங்க. துணி மடிக்கும்போது, இல்ல வண்டியில போகும்போது. எதிரெதிரா உக்காந்து கண்ணைப் பார்த்துக் கேட்டா விசாரிக்கற மாதிரி ஆயிடும். காரணம் சொல்ல இஷ்டமில்லைன்னா அதுவும் சரி. காரணம் சொன்னாத்தான் மறுப்பு செல்லும்னு ஒண்ணும் கிடையாது.

உப்புக்காற்று

காசிமேட்டு வகுப்புக்குன்னா ரெண்டு சூழ்நிலையைப் பேர் சொல்லியே எழுதுங்க. விசைப்படகுல பல நாள் தங்கல்ல இருந்துட்டு ஆள் கரைக்கு வர்ற முதல் ராத்திரி. "இத்தனை நாள் கழிச்சு வந்திருக்காரு, இன்னிக்குப் போய் வேணாம்னா எப்படி"ன்னு வீட்டுப் பெரியவங்களே சொல்லி அனுப்பறாங்க. பொண்ணு ஆரம்பத்துல சரின்னுதான் வருவா, நடுவுல முடியாம போகும். அடுத்தது ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். ஆளு முழுநேரமும் வீட்டுல, கையில காசு இல்ல, குடி கூடும். குடிச்சிருக்கும்போது காதுமடல் சைகையும் மண்டையில ஏறாது. அதனால "குடிச்ச அன்னிக்கு இல்ல"ன்னு ரெண்டு பேரும் பகல்லயே பேசி முடிவு பண்ணிடறது நல்லது. ராத்திரி வாசல்ல நின்னு அதைப் பேச முடியாது.

கொருக்குப்பேட்டை 21

சரி, சட்டம்? கட்டின பொண்டாட்டின்னா அது குற்றமே இல்லன்னு ஒருத்தன் எழுந்து சொல்லுவான்.

மிண்ட் வக்கீல்

சொல்பவர் பாதி சரியாகச் சொல்கிறார். மீதிப் பாதியையும் வகுப்பில் சொல்லிவிடுங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவு பாலியல் வன்புணர்வை வரையறுக்கிறது. சம்மதம் என்பது தெளிவான, தன்விருப்பமான உடன்பாடு. சொல்லாலோ சைகையாலோ, அந்தக் குறிப்பிட்ட செயலுக்கு வெளிப்படுத்தப்படுவது. உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் 18 வயது நிறைந்த மனைவியிடம் கணவன் செய்வது வன்புணர்வு ஆகாது என்று அதன் இரண்டாம் விதிவிலக்கு வைத்திருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் வயது 15 என்று இருந்தது. 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை 18 ஆகப் படிக்கச் செய்தது. விதிவிலக்கையே நீக்கும்படி, பாலியல் குற்றச் சட்டங்களை ஆராய்ந்த நீதிபதி வர்மா குழு 2013இல் பரிந்துரைத்தது. 2022 மே 11 அன்று டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இதில் மாறுபட்ட தீர்ப்பு அளித்தனர். விதிவிலக்கை நீக்கக் கூடாது என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. இந்த விதிவிலக்கு அநீதி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் "எதுவுமே செய்ய முடியாது" என்பது பொய். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 இருக்கிறது. அதன் 3ஆம் பிரிவு பாலியல் துன்புறுத்தலைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது: பெண்ணின் கண்ணியத்தை மீறும் பாலியல் தன்மையுள்ள எந்த நடத்தையும் அதில் அடங்கும். படுக்கைக்கு வரவில்லை என்பதற்காக வீட்டுச் செலவுப் பணத்தை நிறுத்துவது அதே பிரிவில் பொருளாதாரத் துன்புறுத்தல். 12ஆம் பிரிவில் நடுவர் நீதிமன்றத்தில் மனு. முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள் வைக்கப்பட வேண்டும். 18இல் பாதுகாப்பு ஆணை, 19இல் வீட்டிலிருந்து வெளியேற்றாதபடி உறைவிட ஆணை, 23இல் இடைக்கால ஆணை. ஆணையை மீறினால் அது குற்றம்: 31ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

இவை தவிர, கொடுமைக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை. பிரிந்து வாழும் மனைவியை வற்புறுத்தினால் அதே சட்டத்தின் 67ஆம் பிரிவு. அங்கே விதிவிலக்கு கிடையாது, இரண்டு முதல் ஏழாண்டு வரை சிறை.

கடலோரக் காத்து

வக்கீல் சார், கோர்ட்டுக்குப் போக எண்ணமில்ல, இன்னிக்கு ராத்திரி பாதுகாப்பா இருக்கணும்னா?

மிண்ட் வக்கீல்

உடனடி ஆபத்து என்றால் 112. ஆலோசனை, தங்க இடம் வேண்டுமானால் 181. அவர்கள் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். மருத்துவம், சட்டம், மனநல உதவி ஒரே இடத்தில் கிடைக்கும், சில நாட்கள் தங்கவும் முடியும். இலவச வழக்கறிஞர் வேண்டுமானால் 15100. மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் குடும்ப நிகழ்வு அறிக்கை பதிவு செய்யலாம், அதற்குக் கட்டணம் இல்லை. கைப்பேசியைக் கணவர் பார்ப்பார் என்றால் அழைத்த எண்ணைப் பட்டியலிலிருந்து அழித்துவிட வேண்டும் என்று குறிப்பில் சேருங்கள்.

பேறுகாலச் செவிலி

கர்ப்பம் பத்தி ரெண்டு வரி. விந்து வெளியேறாம நிறுத்தினாலும், முன்னாடி கசியற நீர்ல விந்தணு இருக்கலாம், வாய்ப்பு குறைவுதான். அவசரக் கருத்தடை மாத்திரை, லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், 72 மணி நேரத்துக்குள்ள, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சென்னையில பல மருந்துக்கடையில வெக்கறதில்ல. அலைஞ்சு நேரத்தை விடாம அரசு மருத்துவமனை குடும்பநலப் பிரிவுல கேளுங்க. ஐந்து நாளுக்குள்ள காப்பர் டி போட்டாலும் தடுக்கும். கருக்கலைப்புன்னு வந்தா 18 வயசு ஆன பொண்ணுக்குக் கணவர் கையெழுத்து சட்டப்படி தேவையே இல்ல.

மிண்ட் வக்கீல்

ஆம். கணவனின் வற்புறுத்தலால் உண்டான கர்ப்பமும் கருக்கலைப்புச் சட்டத்தைப் பொறுத்தவரை வன்புணர்வால் உண்டானதாகவே கொள்ளப்படும் என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று சொன்னது. அந்த வகையில் 24 வாரம் வரை அனுமதி உண்டு.

பிசியோ பெரம்பூர்

ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல நிறுத்த வேண்டி வருதுன்னா உடம்புல காரணம் தேடுங்க. நுழையற இடத்துல எரிச்சல்: வறட்சி, பூஞ்சைத் தொற்று, பிரசவத் தையல். ஆழத்துல குத்தல்: கருப்பை அகப்படல நோய் (எண்டோமெட்ரியோசிஸ்), கட்டி, இடுப்புக்குழித் தொற்று. நுழையவே முடியாம சுவர் மாதிரி தடுக்குதுன்னா யோனித் தசை இறுக்கம். இதை "பழகினா சரியாயிடும்"னு தள்ளிப் பார்க்கறவங்க நிலைமையை மோசமாக்கறாங்க. வலிக்குது, அடுத்த தடவை வலிக்கும்னு தசை முன்னாடியே இறுகுது, இறுகினதால இன்னும் வலிக்குது. சிகிச்சை நேர் எதிர்: வலி தொடங்கற இடத்துக்கு முன்னாடியே நிறுத்தறது, தசையைத் தளர்த்தற பயிற்சி, சின்ன அளவுல இருந்து படிப்படியா பெரிசாகற விரிவாக்கிக் கருவி (டைலேட்டர்). குணமாகற விஷயம் இது.

பால் குடுக்கற அம்மாவுக்கு ஈஸ்ட்ரோஜன் குறையறதால வறட்சி இருக்கும், அவங்களுக்கு ஆசை இல்லன்னு அர்த்தம் இல்ல. நீர் கலந்த ஜெல் பயன்படுத்தலாம். தேங்காய் எண்ணெய் தடவிட்டு ரப்பர் ஆணுறை போடாதீங்க, எண்ணெய் பட்டா கிழியும்.

உப்புக்காற்று

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையில பெண்கள் நோய்ப் பிரிவு இருக்கு. குழந்தை பெத்தவங்களுக்கு மட்டும்னு நினைச்சுப் பலபேர் போறதில்ல. "உறவு வெச்சுக்கும்போது வலிக்குது"ன்னு நேரா சொல்லணும். "அடிவயித்து வலி"ன்னு சொன்னா வேற பக்கம் பரிசோதனை போயிடும். துணைக்கு வந்தவங்களை வெளிய நிக்கச் சொல்லுங்கன்னு செவிலிகிட்ட கேக்கலாம்.

கொருக்குப்பேட்டை 21

ஆம்பளை நடுவுல வேணாம்னா? அதையும் போடுங்க.

தண்டையார்பேட்டை ஆலோசகர்

கட்டாயம். அவருக்கும் அதே காதுமடல்தான், அதே "நிறுத்திடவா?"தான். "உனக்கு முடியலையா"ங்கற ஒரு வார்த்தை வரக்கூடாது. நைட் ஷிப்ட் முடிச்சு மணலியில இருந்து வர்றவருக்கு விருப்பம் பாதியில போறது அசதி. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையாலயும் இருக்கலாம். அடிக்கடி நடந்தா டாக்டர்கிட்ட காட்டணும்.

கடலோரக் காத்து

வரைவு தயார். "சைகை, விலகும் முறை, நிறுத்திய பின் பத்து நிமிஷம்" முன்பக்கம். சட்டமும் எண்களும் பின்பக்கம்.

பேறுகாலச் செவிலி

எண்களைப் பின்பக்கத்துல அடில போட்டுக் கிழிச்சு எடுக்கற மாதிரி வெய்யுங்க. முழுத்தாளைப் பொண்ணு வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாம போகலாம், விரல் அகலச் சீட்டை ரேஷன் கார்டு உறைக்குள்ள வெச்சுக்குவா. அதுல "மகளிர் உதவி"ன்னு தலைப்பு வேணாம், வெறும் 181, 112, 15100.